ஏக்கத்துக்கு எடுத்த ஸ்கேன்

எங்கள் நாய்க்கு வந்திருப்பது ஏக்கம் என்று பத்து நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொல்ல ஆரம்பித்தால் பத்து நாள் இருபது நாளாகிவிடும்.

மகள் ஜூன் மாதம் சென்னைக்கு வேலைக்குப் போனாள். நாய் ஆவணிக் கடைசியில்தான் சாப்பாட்டைக் குறைத்தது. நடுவில் கிட்டத்தட்ட மூன்று மாதம் இட்லியும் கோழி ஈரலுமாக அது நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் தாய் வெளியூர் போனால் கைப்பிள்ளை ஏங்கிக் காய்ச்சலில் விழும் என்பார்கள். தாய் உடுத்திய சேலையைப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டால் தெளிந்துவிடுமாம். எனக்கு அந்த மருத்துவப் படிப்பே போதுமாக இருந்தது.

நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் மகள்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துத் தூக்கி வந்தாள். ராஜபாளையத்துக்காரன் நாய் வளர்க்கிறான் என்றதும் வெளியூர்க்காரர்கள், "வெள்ளையா, ரோஸ் மூக்கோட இருக்குமே, அதா?" என்று ஆவலாகக் கேட்பார்கள். எங்களுடையது செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது படுத்திருக்கும். பிறந்த இடம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கடைக்குப் பின்புறம். என் மனைவி அதைச் சின்னவள் என்பாள், மகளைப் பெரியவள் என்பாள். எனக்கு வீட்டில் பட்டம் எதுவும் கிடையாது. இருவரையும் காரில் கொண்டுபோய் விடுகிறவன், அவ்வளவுதான்.

ஏக்கம் என்று முடிவு கட்டியதும் வைத்தியத்தில் இறங்கினேன். பீரோவிலிருந்து மகளின் பழைய துப்பட்டாவை எடுத்து நாயின் படுக்கையில் விரித்தேன். நாய் அதை மோந்து பார்த்துவிட்டுத் தரையில் போய்ப் படுத்தது. துப்பட்டாவில் சோப்பு வாசனைதான் இருந்தது, நானும் மோந்து பார்த்தேன். பிறகு போன். ஒரே நாளில் மூன்றாவது தடவை போட்டபோது மகள் கேட்டாள்:

"என்னப்பா, ஏதாச்சும் விசேஷமா?"

"ஒண்ணுமில்ல. சின்னவகிட்ட செத்த நேரம் பேசு."

"காலைலதானப்பா பேசுனேன்."

"அது காலைல."

மகள் அங்கிருந்து கொஞ்சிப் பேசுவாள். ஸ்பீக்கர் முழங்கும். நாய் எழுந்து தண்ணீர்ச் சட்டிக்குப் போய்விடும். மிச்சப் பேச்சை நான் கேட்டு முடிப்பேன். பிள்ளை பேசுவது வீணாகப் போகக் கூடாது அல்லவா.

மூன்றாவது வைத்தியம் காலேஜ் பஸ் நிற்கும் முக்கு. மகள் நான்கு வருடம் சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கேதான் இறங்குவாள். பையை என் தோளில் மாட்டிவிட்டு நாயைத் தூக்கிக்கொள்வாள். பள்ளிக்கூட நாளில் குட்டியாக இருந்தபோதும் தூக்கினாள், பதினெட்டுக் கிலோ ஆன பிறகும் தூக்கினாள். அந்த நேரத்துக்கு நாயைக் கூட்டிக்கொண்டுபோய் நின்றேன். பஸ் வந்தது. யார் வீட்டுப் பெண்களோ இறங்கிப் போனார்கள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பாப்பாதான் மெட்ராஸ் போயிருச்சே?"

"நாய்க்குச் சொன்னாப் புரியலய்யா" என்றேன்.

நாய் வேலியோரமாகப் போய் வாந்தி எடுத்தது. "அழாதட்டி" என்று அதன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இப்படி நான்கு நாள் போய் நின்றோம்.

மனைவிக்கு இந்த நாடகம் பொறுக்கவில்லை. பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏங்க, ஏங்கிப் போனவ இம்புட்டுத் தண்ணியா குடிப்பா? காலைலருந்து மூணு சட்டி. வயித்தப் பாத்தீகளா, குடமா நிக்கி."

"மனசு சரியில்லன்னா அப்படித்தான் இருக்கும்."

"மனசு வயித்துலயா இருக்கு? உங்க ஏக்கத்த ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு வருவோம், கெளம்புங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண். மாடு கன்றோடு வளர்ந்த கை என்பது அவர் நாயைத் தொட்ட விதத்திலேயே தெரிந்தது. வயிற்றில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை நகர்த்தினார். திரையில் கறுப்புக் கறுப்பாக வட்டங்கள் தெரிந்தன.

"கர்ப்பப்பை முழுக்கச் சீழ் சார். நாளைக்குக் காலைலயே எடுத்தாகணும். விட்டா உள்ள வெடிச்சிரும்."

"ஏக்கத்துல இப்படி வருமா டாக்டர்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"மொதல்ல இதப் பாருங்கம்மா" என்றாள் மனைவி. "இவுகள பொறவு பாத்துக்கலாம்."

ரத்தம் எடுத்தார்கள், டிரிப் ஏற்றினார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ஆகாரம் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். நான்கு நாளாக ஒன்றும் தின்னாத நாய்க்கு இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதாக நான் உறுதி கூறினேன். கிளம்பும்போது அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "எட்டு வயசாச்சு, ரத்தத்துலயும் விஷம் ஏறியிருக்கு. பாதிக்குப் பாதின்னு வச்சுக்கோங்க" என்றார்.

கார் ராஜபாளையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி, "பெரியவகிட்டச் சொல்லிருவமா?" என்றாள்.

"வேண்டாம். முடியட்டும்."

"முடியட்டும்னா?"

"நல்லபடியா முடியட்டும்னுதான் சொல்லுதேன்."

சொன்னால் மகள் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் வந்து சேர்வதற்குள் நாய் போய்விட்டால் என்ன சொல்வது என்பது இன்னொரு பயம். சொல்லாமலே இருந்து போய்விட்டால் என்ன சொல்வது என்பதுதான் பெரிய பயம். மூன்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டு, பயந்தவன் செய்கிற வேலையைச் செய்தேன்: பை கட்டினேன். துண்டு இரண்டு, பிளாஸ்க், போர்வை, வெந்நீர்ப் பை, பால் பவுடர். மனைவி வந்து பார்த்துவிட்டு, "பிரசவத்துக்கா போறோம்?" என்றாள். கூடவே ஒரு பெரிய அட்டைப்பெட்டியையும் காரில் ஏற்றினேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தொழில் பேண்டேஜ் துணி. விசைத்தறியில் நெய்து வரும் மெல்லிய துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டி, உறையில் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் சின்னக் கூடம் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு இதுதான் சோறு. இருபத்தாறு வருடமாக ஊர் உலகத்துப் புண்களுக்கெல்லாம் துணி அனுப்பியவன் நான். ஒரு புண்ணையும் நேரில் பார்த்ததில்லை. மகள் சின்ன வயதில் முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்தபோதுகூட மனைவிதான் கட்டினாள், நான் துணியை நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் நெடுக, ஊரை ஒட்டிய குன்றின் மேல் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம். நடந்து போகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். உதவிக்கு இருந்த பெண் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டது?"

"காலைல ரெண்டு இட்லி" என்றேன். "சட்னி தொடல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "காலைலயா? அப்ப ஆபரேஷன் பண்ண முடியாதே."

"அவுக தின்னதச் சொல்லுதாக" என்றாள் மனைவி. "நாய் பட்டினிதான். நீங்க எழுதுங்க."

டாக்டர் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இது ஒரு பெரியாஸ்பத்திரிக்கே ஆறு மாசம் வருமே" என்றார். இருக்கட்டும் என்றேன். ஊசி போட்டார். நாய் என் உள்ளங்கையில் தாடையை வைத்திருந்தது. கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்து, பிறகு முழுத் தலையும் என் கையில் இருந்தது. தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். என் கை அப்படியே விரிந்திருந்தது. மனைவிதான் அதை மடக்கிவிட்டாள்.

வாசலில் நின்று, பெருமாள் மலை இருக்கும் திசையைப் பார்த்து, நாய் பிழைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்துத் தலையைத் தடவியபோதுதான் அதற்குக் கொஞ்சமாவது முடி வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. மனைவியிடம் சொன்னேன். "பெருமாளுக்கு உங்களத் தெரியும்" என்றாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உதவிக்கு இருந்த பெண் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு எங்களைக் கடந்து பின்பக்கம் போனார். தட்டில் துணி, என் துணி. நெசவைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். வெளுத்து, காயப்போட்டு, தூசி படாமல் உறையில் போட்டு, வெள்ளையாக மட்டுமே நான் பார்த்திருந்த துணி சொதசொதவென்று சிவப்பாக இருந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு மகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நாய்க்காக அல்ல. சும்மா, அவள் அந்த முக்கில் இறங்கி என் தோளில் பையை மாட்ட வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். பேர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பவும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "எடுத்தாச்சு. மூச்சு நல்லாருக்கு. ரெண்டு நாள் தாண்டணும்."

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வயிற்று முடி முழுவதும் சிரைத்திருந்தது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். நக்கிவிடாமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. நடுங்கிக்கொண்டிருந்தது. போர்வை போர்த்தி, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். படி ஏறக் கூடாது, தாவக் கூடாது, மாத்திரை இரண்டு வேளை. டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை: "புண்ணுக்குக் கட்டு வேண்டாம். காத்தாட விடுங்க. காஞ்சாப் போதும்."

கட்டு வேண்டாமாம், என்னிடம் சொல்கிறார்.

தெம்புக்குக் கோழிச்சாறு கொடுக்கச் சொல்லியிருந்தார். புரட்டாசியில் எங்கள் அடுப்பில் கறி ஏறாது. நாய்க்காகக்கூட ஏறாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால் பேண்டேஜ் கூடத்தில் ஒரு மின்சார அடுப்பை வைத்துக் கோழி வேகவைத்தேன். வாசனை பிடித்து வேலையாட்கள், "முதலாளி, வெரதம் எம்புட்டுத் தூரத்துல இருக்கு?" என்று கேட்டார்கள். நாய்க்கு என்று சொன்னதை யாரும் நம்பவில்லை, ஏனென்றால் நாய் அங்கே இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் அந்தச் சாற்றில் ஊறவைத்த அரை இட்லியை அது என் விரலோடு சேர்த்து நக்கித் தின்றது. மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினாள். அன்றைய சமையலில் வெங்காயம் போடும் பண்டம் எதுவும் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை மகள் வீடியோவில் வருவதாகச் செய்தி அனுப்பினாள். "மூணு நாளா போட்டோகூட அனுப்பல. எனக்கு அவளப் பாக்கணும்."

கூம்பைக் கழற்றி ஒளித்தேன். தையல் தெரியுமே என்று வயிற்றைச் சுற்றித் துணி கட்டினேன். ஒரு சுற்றுப் போதும். ஆனால் கை பழகிய கை, ஆறு சுற்றுச் சுற்றி, ஓரம் மடித்து, கூடத்தில் மாதிரிக்குக் கட்டிக் காட்டுவதுபோல அழகாகக் கட்டியது. கட்டும் தெரியக் கூடாதே. மகளின் காலேஜ் டீ-ஷர்ட்டை எடுத்து நாய்க்கு மாட்டினேன். முன்னங்கால் இரண்டும் கைக்குள் சரியாகப் போயின.

மகள் திரையில் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், அல்லது அந்த விளக்கு அப்படி.

"அது என் டீ-ஷர்ட்தான?"

"ஆமா. சின்னவளுக்குக் குளுருது."

"ராஜபாளையத்துலயா?"

"மழ வரும்போல இருக்கு."

"வெயில் தெரியுதுப்பா பின்னாடி."

"சிக்னல் சரியில்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பவும் எப்போது கூப்பிடுவாளோ என்று டீ-ஷர்ட்டையும் கட்டையும் கழற்றவில்லை. கழற்றிக் கழற்றிக் கட்டினால் நாய்க்கு வலிக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை நாய் திரும்பவும் சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கிட்டப் போனால் வாடை. கட்டைப் பிரித்தேன். வியர்வையும் ஈரமும் ஆறு சுற்றுக்குள் புழுங்கி, தையல் ஓரம் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எப்படிக் கார் ஓட்டினேன் என்று தெரியாது. ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை என்று மனைவி சொல்கிறாள்.

"யாரு கட்டுனது?" என்றார் டாக்டர்.

பிரித்த துணியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அவரிடம் நீட்டினேன். அதன் ஓர மடிப்பைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சரக்கு நல்ல சரக்குதான் சார். இங்க வேண்டாம்னு சொன்னனே." சுத்தம் பண்ணினார். மருந்தை மாற்றி எழுதினார். "தோலோட போச்சு. உள்ள எறங்கல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முன்னாலேயே மகளுக்குப் போன் போட்டு முதலிலிருந்து சொன்னாள். ஏக்கம், முக்கு, ஸ்கேன், டீ-ஷர்ட் எதையும் விடவில்லை. பிறகு மகள், "அப்பாகிட்டக் குடு" என்றாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னாலும் இப்படித்தான் டீ-ஷர்ட் போட்டு மறைப்பீங்களாப்பா?"

என் அளவுக்கு டீ-ஷர்ட் கிடைக்காது என்று ஒரு பதில் வாய் வரைக்கும் வந்தது.

"அவ செத்திருந்தா எனக்கு எப்ப சொல்லிருப்பீங்க?"

"தெரியலம்மா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

அவளுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரம்தான் வர முடியும் என்றாள். அதுவரை தினமும் காலையிலும் மாலையிலும் புண்ணை நேராகக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. காட்டினேன். ஒரு கையில் போன், ஒரு கையில் நாயின் பின்னங்கால். முதல் இரண்டு நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு காட்டியதால் மகளுக்குக் கூரை மின்விசிறிதான் தெரிந்தது. பிறகு பழகிவிட்டது. சிவப்பு குறைகிறதா, ஓரம் சேர்கிறதா என்று நானே பார்த்துச் சொன்னேன். புண் பார்த்து முடிந்ததும் அவள் வைத்துவிட மாட்டாள். என்ன சாப்பிட்டாள், ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறதா, எல்லாம் ஓடும். புண் ஆற ஆற எனக்கு அந்தப் பேச்சு குறைந்துவிடுமோ என்றிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை விடியும்போது மகள் வந்து இறங்கினாள். அவளைக் கண்டதும் நாய் பாய்ந்து தையலைப் பிய்த்துக்கொள்ளும் என்று பயந்து நான் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன். நாய் வாலை ஆட்டியது. அவள் கால் விரல்களை ஒவ்வொன்றாக மோந்தது. பிறகு தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. மகள் தரையில் உட்கார்ந்து அதன் வயிற்றுத் தையலைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். காப்பி ஆறியது. காலை பத்து மணிக்கு டாக்டர் தையல் பிரிக்கும்போது தலையை அவள் பிடித்துக்கொண்டாள், காலை நான் பிடித்தேன். இந்தத் தடவை நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை ரயிலுக்கு நாயையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். மகள் அதைத் தூக்கப் போய், தழும்பு நினைவுக்கு வந்து, தூக்காமல் குனிந்து காதைத் தடவினாள். "இனிமே எதுன்னாலும் மொதல்ல எனக்குச் சொல்லணும்" என்றாள். சரி என்றேன். "சரின்னு சொல்லாதீங்க, சொல்லுங்க" என்றாள். ஏறினாள்.

ரயில் நகர்ந்தபோது நாய் ரயிலைப் பார்க்கவில்லை. பக்கத்து பெஞ்சில் ஒருவர் உளுந்தவடை தின்றுகொண்டிருந்தார், அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பாதி வடையைப் பிய்த்துப் போட்டார். நாய் அதைத் தின்றது. கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மனைவி வந்து என் கையிலிருந்து வாரை வாங்கிக்கொண்டாள்.